விளக்கணைக்கும் வேளை

"தலைக்குக் குளிச்சிட்டு வாங்க. எண்ணெய் மட்டும் வைக்காதீங்க."

திருச்சி தில்லைநகரில் ஒரு மருத்துவமனையின் தூக்க ஆய்வு அறையில் வேலை பார்க்கும் அந்தத் தொழில்நுட்பர், டெஸ்ட்டுக்குப் பெயர் கொடுத்தவர்களிடம் போனில் சொல்லும் முதல் வாக்கியம் இது. சொல்லாமல் விட்டால் தூக்கம் நன்றாக வரட்டுமே என்று வழிய வழியத் தேங்காய் எண்ணெய் தடவி, பின்னல் போட்டு, பூவும் வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். எண்ணெய்த் தலையில் எலெக்ட்ரோடு நிற்காது. நின்றாலும் நள்ளிரவு தாண்டியதும் ஒவ்வொன்றாக வழுக்கிக் கழன்றுவிடும்.

ஒருவருக்கு ஒயர்களை மாட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். மூக்கின் மேற்பள்ளத்திலிருந்து பிடரியில் புடைத்திருக்கும் எலும்பு வரை டேப் வைத்து அளந்து, பென்சிலால் புள்ளி குறித்து, தோலைச் சுரண்டித் துடைத்து, பசை வைத்து ஒட்ட வேண்டும். தலையில் மூளை அலைக்கு, கண்ணோரம் விழி அசைவுக்கு, தாடையில் தசை இறுக்கத்துக்கு, கெண்டைக்காலில் உதறலுக்கு, மார்பில் இதயத்துக்கு என்று ஒயர்கள். மூக்கில் காற்றோட்டம் பார்க்கும் குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டை, விரல் நுனியில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப். இத்தனையையும் மாட்டிக்கொண்டு மனுஷனால் எப்படித் தூங்க முடியும் என்று கேட்காதவர்கள் இல்லை. ஆனால் பெரும்பாலோர் தூங்கிவிடுகிறார்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு அவர் பக்கத்து அறைக்குப் போய்க் கணினியில் 'லைட்ஸ் ஆஃப்' என்று நேரத்தைக் குறிப்பார். அறிக்கையின் எல்லாக் கணக்கும் அந்தப் புள்ளியிலிருந்துதான் தொடங்குகிறது. தூக்கம் வர எத்தனை நிமிடம் ஆனது, படுத்திருந்த நேரத்தில் எத்தனை சதவீதம் தூங்கினார், கனவுத் தூக்கம் எப்போது வந்தது என்பதெல்லாம் அங்கிருந்து எண்ணப்படுபவை. அந்த வேளையை யார் தீர்மானிப்பது என்ற கேள்வியில்தான் அவருடைய தொழில் அனுபவம் முழுவதும் வந்து நிற்கிறது. பல இடங்களில் அதைத் தீர்மானிப்பது ஆய்வகத்தின் வசதி: இரவு பத்தரைக்கு விளக்கை அணை, காலை ஆறுக்கு எழுப்பு, ஏழுக்குள் படுக்கையைக் காலி செய். நோயாளியின் உடலுக்குள் அப்போது மணி என்ன என்று யாரும் கேட்பதில்லை.

இரவு முழுவதும் அவர் பார்ப்பது 30 விநாடிக்கு ஒரு பக்கமாக நகரும் கோடுகளை. காகிதத்தில் பதிவு செய்த காலத்தில், விநாடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடிய காகிதத்தின் 30 சென்டிமீட்டர் நீளம் ஒரு பக்கம். அந்த அளவே கணினிக்கும் வந்துவிட்டது. எட்டு மணி நேரத் தூக்கம் 960 பக்கம். ஒவ்வொன்றையும் பார்த்து, விழிப்பா, மேலோட்டமான தூக்கமா, ஆழ்ந்ததா, கனவுத் தூக்கமா என்று அடையாளமிட வேண்டும். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்றால் எத்தனை விநாடி நின்றது, ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியது என்று எழுத வேண்டும். மூச்சடைப்பைக் கண்டுபிடிப்பதில் இந்தச் சோதனைக்கு ஈடில்லை. ஆனால் அது ஓர் இரவின் கதையை மட்டுமே சொல்லும். உடல் கடிகாரத்தைப் பார்க்க அது போதாது என்பதை அவர் ஓர் இன்ஜினீயரிங் மாணவனிடமிருந்து கற்றுக்கொண்டார்.

அந்தப் பையனை அப்பா அழைத்து வந்திருந்தார். ராத்திரி முழுக்கத் தூக்கம் வருவதில்லை, முதல் வகுப்புக்குப் போவதில்லை, அரியர் விழுந்துவிட்டது, போன்தான் காரணம் என்பது அப்பாவின் வாக்குமூலம். பத்தரைக்கு விளக்கை அணைத்தார்கள். பையன் புரண்டு புரண்டு படுத்தான். போன் வெளியே இருந்தது. அறை இருட்டாக, குளிர்ச்சியாக இருந்தது. ஒரு மணி, இரண்டு மணி. மூன்றைத் தொட்டபோது தூக்கத்தின் அலைகள் வந்தன. வந்த பிறகு அது தங்கமான தூக்கம்: ஆழம் இருந்தது, மூச்சு சீராக இருந்தது, ஒரு தடங்கலும் இல்லை. ஆறு மணிக்கு வழக்கப்படி எழுப்ப வேண்டியிருந்தது. கணினி கொடுத்த எண்களை மட்டும் படித்தால் கடுமையான தூக்கமின்மை என்று முடிவு கட்டிவிடலாம்.

ஒயர்களைக் கழற்றிக்கொண்டே அவர் கேட்டார்: "செமஸ்டர் லீவுல யாரும் எழுப்பலைன்னா எப்பப்பா தூங்குவ, எப்ப எழுந்திருப்ப?"

"மூணு மணிக்குப் படுத்தா பதினொண்ணு வரைக்கும் நல்லா தூங்குவேன் மேடம். அப்ப எந்தப் பிரச்சினையும் இல்ல."

எட்டு மணி நேரம் குறையின்றித் தூங்கும் பையனுக்குத் தூக்கமின்மை இல்லை. அவன் தூக்கம் வேறு வேளையில் நிற்கிறது. நியூயார்க்கில் எலியட் வைட்ஸ்மேன் குழுவினர் 1981இல் இதைத் தனிக் கோளாறாக அடையாளம் காட்டினார்கள். தூக்கக் கட்டம் தாமதமாகும் கோளாறு என்று சொல்லலாம். விடலைப் பருவத்தில் இது அதிகம். அந்த வயதில் எல்லாருக்குமே உடல் கடிகாரம் கொஞ்சம் பின்னுக்குப் போகிறது; சிலருக்கு ரொம்பவே போய்விடுகிறது. 2017இல், கிரை1 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றம் சில குடும்பங்களில் இந்தத் தாமதத்துக்குக் காரணம் என்று மைக்கேல் யங்கின் ஆய்வுக்கூடம் வெளியிட்டது. அதே ஆண்டுதான் யங்கும் ஜெஃப்ரி ஹாலும் மைக்கேல் ராஸ்பாஷும் உயிர்க் கடிகாரத்தின் மூலக்கூறு இயக்கத்தைக் கண்டறிந்ததற்காக மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். சோம்பேறி என்று திட்டு வாங்கியே வளர்ந்த பையன்களிடம் இந்தச் செய்தியைத் தொழில்நுட்பர் மெனக்கெட்டுச் சொல்கிறார்.

கடிகாரம் என்று சொல்வது வெறும் உருவகம் இல்லை. இரு கண்ணிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் மூளையின் அடியில் குறுக்கே சேரும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு இரட்டைத் திரள் இருக்கிறது. ஒவ்வோர் அணுவுக்குள்ளும் சில மரபணுக்கள் புரதத்தை உண்டாக்க, அந்தப் புரதமே திரும்பி வந்து மரபணுவை நிறுத்த, புரதம் சிதைந்ததும் மறுபடி தொடங்க, ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. மனிதர்களுக்கு அந்தச் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கூடுதல் என்று ஹார்வர்டைச் சேர்ந்த சார்லஸ் சைஸ்லர் குழு 1999இல் அளந்து காட்டியது. அந்தக் கூடுதலைத் தினமும் திருத்திவிடுவது வெளிச்சம். உடல் வெப்பம், கார்ட்டிசால், மெலடோனின், ஜீரணம் எல்லாம் அந்தத் திரளின் தாளத்துக்குத்தான் ஏறி இறங்குகின்றன.

செடி கொடிகளிடம் இதை மனிதன் முதலில் கவனித்தான். அலெக்சாந்தரின் படையோடு பாரசீக வளைகுடாவுக்குப் போன ஆண்ட்ராஸ்தெனீஸ், இன்றைய பஹ்ரைன் தீவில் ஒரு மரத்தின் இலைகள் இரவில் மூடிப் பகலில் விரிவதை எழுதிவைத்தார். அது புளியமரம் என்பது அறிஞர்கள் கருத்து. 1729இல் பிரான்சின் த மேரான் தொட்டாற்சிணுங்கியை இருட்டில் வைத்தும் இலை நேரம் தவறாமல் விரிவதைக் கண்டார். சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தை அதன் பெயரோடு அறிந்த நமக்கு இதில் ஆச்சரியம் குறைவாகத்தான் இருக்கும்.

மனிதர்களை வைத்து இதைப் பார்த்தவர்கள் திருச்சிக்குத் தெற்கே, மதுரையிலும் இருந்தார்கள். ஜெர்மனியின் ட்யூபிங்கனில் ஆய்வு செய்து திரும்பிய எம்.கே. சந்திரசேகரன், 1970களின் நடுவில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு வந்து விலங்கு நடத்தையியலுக்கு ஒரு துறையையே கட்டியெழுப்பினார். பல்கலைக்கழக வளாகத்தில் சூரிய வெளிச்சமோ வெளிச்சத்தமோ நுழையாத ஓர் அறை கட்டி, கடிகாரம் இல்லாமல் மனிதர்களைத் தங்கவைத்தார்கள். எப்போது தூக்கம் வருகிறதோ அப்போது விளக்கை அணைத்துக்கொள்ளலாம். உள்ளே இருந்தவர்களின் நாள் 24 மணி நேரத்தைத் தாண்டி நீண்டது. சிலருக்கு உடல் வெப்பத்தின் தாளம் ஒரு பக்கமும், தூங்கி விழிக்கும் தாளம் இன்னொரு பக்கமுமாகப் பிரிந்தே போயின. நம் தொழில்நுட்பருக்கு அந்த அறை பிடித்துப்போனதற்குக் காரணம் இருக்கிறது: அங்கே விளக்கணைக்கும் வேளையை உள்ளே இருந்தவரே தீர்மானித்தார்.

அதே துறையினர் கீழக்குயில்குடி சமணர் மலைப் பக்கத்துக் குகைகளில் வவ்வால்களையும் ஆராய்ந்தார்கள். வெளிச்சமே எட்டாத குகை ஆழத்தில் கூண்டில் அடைத்த வவ்வால்கூட, மற்றவை அந்தியில் பறந்து போய் விடியலில் திரும்பும் சந்தடியை வைத்துத் தன் நேரத்தைச் சரி செய்துகொண்டது. கூட்டம் இல்லாத குகையில் தனியே வைத்ததன் தாளம் நாளுக்கு நாள் நழுவியது. மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் மூவரும் 1981இல் வெளியிட்ட ஆய்வு இது. சுற்றி இருப்பவர்களின் நடமாட்டமும் ஒரு கடிகாரம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றைத் தொழில்நுட்பர் படித்ததில்லை.

அந்த மாணவனின் விஷயத்துக்கு வருவோம். அவன் அப்பா வீட்டில் செய்துவந்த வைத்தியம் என்ன தெரியுமா? விடியற்காலை நாலரைக்கு எழுப்பி, டியூப்லைட் போட்டுப் படிக்க உட்காரவைப்பது. தமிழ்நாட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் நடப்பதுதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தூக்கத்தைக் குறைக்கும், அவ்வளவே. இந்தப் பையனுக்கோ அது கடிகாரத்தையே எதிர்த்திசையில் திருப்பக்கூடியது.

காரணம் இது. வழக்கமாகத் தானே விழிக்கும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பு உடல் வெப்பம் அதன் அடித்தட்டைத் தொடுகிறது. அதற்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கிறது. அதற்கு முன்பு படும் வெளிச்சம் பின்னுக்குத் தள்ளுகிறது. பதினொன்றுக்குத் தானாக எழும் பையனின் அடித்தட்டு காலை ஒன்பதை ஒட்டி இருக்கும். நாலரை மணி வெளிச்சம் அவன் உடலுக்கு முன்னிரவு வெளிச்சம். இன்னும் தாமதமாகத் தூங்கு என்றுதான் அது சொல்லும்.

மருத்துவர் வகுத்த வழி அப்பாவுக்கு முதலில் கொஞ்சமும் பிடிக்கவில்லை. விடுமுறையில் தொடங்கச் சொன்னார். முதல் சில நாள் பதினொன்றுக்கே எழட்டும், ஆனால் எழுந்ததும் மொட்டைமாடிக்குப் போய் வெளிச்சத்தில் நிற்கட்டும். பிறகு சில நாளுக்கு ஒருமுறை அரை மணி முன்னால் எழட்டும். சாயங்காலத்துக்குப் பிறகு வீட்டில் வெளிச்சம் மட்டாக இருக்கட்டும். தூங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு சிறிதளவு மெலடோனின், அதுவும் மருத்துவர் சொன்ன நேரத்தில் மட்டும். வாரக்கணக்கில் பிடித்தது. பையன் இப்போது நள்ளிரவை ஒட்டித் தூங்கிவிடுகிறான். ஒரு வாரம் ஒழுங்கு தவறினால் பழைய இடத்துக்கே நகர்கிறான். இந்தக் கோளாறின் சுபாவம் அப்படி. கண்காணிப்பை விட முடியாது.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை திருச்சிக்காரர்களுக்குக் குறையே இல்லை. இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய 5.50க்கும் 6.40க்கும் நடுவே உதித்துவிடுகிறது. கோடையில் பதினாறு மணி நேரப் பகலும் குளிர்காலத்தில் எட்டு மணி நேரப் பகலுமாக அல்லாடும் ஐரோப்பாவின் சிக்கல் நமக்கு இல்லை. வெளியே வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை வெளிச்சம் இருக்கும். குழல்விளக்கு போட்ட அறையில் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். ஆனாலும் நோயாளிகள் எழுதித் தரும் குறிப்பேடுகளைப் பார்த்தால், வேனில் ஏறி, வகுப்பறையில் உட்கார்ந்து, டியூஷன் போய், இரவில் பளீரென்ற விளக்கின் கீழ் போனைப் பார்க்கும் பிள்ளைகள் பகலைப் பார்ப்பதே அரிதாக இருக்கிறது. இவ்வளவு வெயில் உள்ள ஊரில் இப்படி நடப்பதை அவரால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

காவிரிப் பாலத்தைத் தாண்டினால் கதை தலைகீழ். அவர் வீடு ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியில். அக்கம்பக்கத்தில் வயதானவர்கள் அதிகம். "தூக்கமே வரமாட்டேங்கறதுடி" என்று வாசலில் நிறுத்திக் கேட்கும் மாமிகளிடம் அவர் கேட்பது அதே கேள்விதான்.

"எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க மாமி?"

"ஏழரைக்குச் சாப்ட்டாச்சுன்னா எட்டுக்குக் கண்ணச் சொருகிண்டு போறது. ரெண்டே முக்காலுக்கு முழிப்பு வந்துடறது. அப்புறம் பொட்டுத் தூக்கம் கிடையாது."

எட்டிலிருந்து இரண்டே முக்கால் வரை கூட்டிப் பார்த்தால் ஆறே முக்கால் மணி நேரம். எழுபதைத் தாண்டியவருக்கு அது போதும். வயது ஏற ஏறக் கடிகாரம் முன்னுக்கு நகர்வது இயல்பு. சில குடும்பங்களில் இளமையிலேயே இப்படி இருக்கும். அமெரிக்காவின் யூட்டாவில் அப்படி ஒரு குடும்பத்தை ஆராய்ந்து, பெர்2 மரபணுவில் ஒரு மாற்றத்தை 2001இல் கண்டுபிடித்தார்கள். விடியலுக்கு முன்பே எழுந்து கோலம் போட்டு, அம்மாமண்டபத்தில் குளித்துவிட்டு, விஸ்வரூப சேவைக்குப் போய் நிற்கிறவருக்கு இது கோளாறே இல்லை. ஊரின் நேரமும் உடலின் நேரமும் பொருந்திவிட்டன. அதே மாமி சென்னையில் மகன் வீட்டுக்குப் போனால், பதினொரு மணி வரை டிவி ஓடும் ஹாலில் இரண்டே முக்காலுக்கு எழுந்து உட்கார்ந்திருக்கும்போது, அது நோயாகிவிடுகிறது. உடனே ஒரு தூக்க மாத்திரை. வயதானவர்கள் மாத்திரை மயக்கத்தில் நள்ளிரவில் பாத்ரூமுக்குப் போகும்போது விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வது மருத்துவ உலகம் நன்கு அறிந்த ஆபத்து. சாயங்காலம் ஐந்தரை வெயிலில் ஒரு மணி நேரம் உட்காருங்கள், உத்தர வீதியை ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள், எட்டு மணியை ஒன்பதாகத் தள்ளப் பார்ப்போம் என்று அவர் சொல்கிறார். மாலை வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும் அதே விதி இங்கே துணைக்கு வருகிறது.

மார்கழியில் ஸ்ரீரங்கத்து வீடுகளில் அவர் டெஸ்ட் வைப்பதில்லை. பகல்பத்து, ராப்பத்து என்று கோயிலின் நேரமே மாறிவிடும். வீட்டில் எடுத்துவந்து மாட்டும் சிறிய கருவிகூட அந்த நாட்களில் ஒரு பயனும் தராது. வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய இரவு கண் விழித்திருந்து, விடியலுக்கு முன் நம்பெருமாள் பரமபதவாசல் கடப்பதைச் சேவிக்கும் கூட்டத்தில் அவரும் நின்றிருக்கிறார். தூக்க மருத்துவத்தின் அடிப்படைப் பாடம் ஒன்றைப் புரியவைக்க அந்த இரவையே அவர் உதாரணம் காட்டுவார். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்கத்தின் பாரம் ஏறிக்கொண்டே போகிறது. அதுமட்டும்தான் உண்மை என்றால், விழித்திருப்பவர் காலை எட்டு மணிக்கு மூன்று மணியைவிட மோசமாக இருக்க வேண்டும். நடப்பது வேறு. மூன்றிலிருந்து ஐந்து வரை தலை சாய்கிறது, நிற்கவே முடியவில்லை. பொழுது விடிந்து ஏழெட்டு மணிக்கு, அதே ஆள், தூங்காமலே தெளிந்துவிடுகிறார். பாரம் ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருக்க, கடிகாரம் இன்னொரு பக்கம் விழிப்பைத் தூக்கிவிடுகிறது. ஸ்விட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் இந்த இரட்டை ஓட்டத்தைக் கொள்கையாக வகுத்தார். ஏகாதசிக்கு மறுநாள் துவாதசிப் பகலில் தூங்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் வைத்திருக்கும் கட்டுப்பாடும் தொழில்நுட்பருக்கு அர்த்தமுள்ளதாகவே தெரிகிறது: பாரத்தை இரவுக்கு மிச்சம் வைத்தால் கடிகாரம் நழுவாது.

திருவானைக்காவலில் பார்த்த ஒருவரை அவர் மறக்கவில்லை. இரு கண்ணிலும் வெளிச்சம் தெரியாத முதியவர், இசை சொல்லிக் கொடுத்தவர். "மாமா ரெண்டு மூணு வாரம் நன்னாத் தூங்கறார், அப்புறம் ராத்திரி பூரா ரேடியோதான், பகல்ல உக்காந்த இடத்துலயே தூங்கிப் போறார்" என்றார் மருமகள். அமாவாசை பௌர்ணமிக் கணக்கு என்று ஒருவர் சொல்ல, ஒரு மண்டலம் கோயிலில் விளக்கேற்ற வேண்டிக்கொண்டார்கள். நாற்பத்தெட்டாம் நாளை ஒட்டித் தூக்கம் திரும்பியது, குடும்பமே நெகிழ்ந்துபோனது. பிறகு மறுபடி போய்விட்டது.

மருமகளிடம் கட்டம் போட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்து, தூங்கிய நேரத்தையெல்லாம் பென்சிலால் நிரப்பச் சொன்னார் தொழில்நுட்பர். சில வாரம் கழித்து நோட்டைத் திறந்தபோது கோடுகள் படிக்கட்டைப் போல் வலப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தன. தினமும் அரை மணி நேரம் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது தூக்கம். அரை மணி வீதம் நழுவினால் முழுச் சுற்று முடிந்து பழைய இடத்துக்கு வர 48 நாள் ஆகும், ஒரு மண்டலம். வேண்டுதல் முடிந்த நாளும் கடிகாரம் திரும்பி வந்த நாளும் ஒன்றாகிவிட்டன.

கண் தெரியாத எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. பார்வை போனாலும், விழித்திரையில் நேரத்தை மட்டும் மூளைக்குச் சொல்லும் தனி அணுக்கள் சிலருக்கு உயிரோடு இருக்கும். 2002இல் டேவிட் பெர்சன் குழு விவரித்த அணுக்கள் அவை. அவையும் போனவர்களுக்குத்தான் கடிகாரம் அவிழ்ந்து ஓடுகிறது. தினமும் ஒரே நேரத்தில் மெலடோனின் கொடுத்து அதைக் கட்டி நிறுத்த முடியும் என்று ராபர்ட் சாக் குழு 2000இல் காட்டியது. முதியவரின் மருத்துவர் அதைத் தொடங்கிவைத்தார். தொழில்நுட்பர் தன் பங்குக்கு வவ்வால் ஆய்வை மருமகளுக்குச் சொன்னார்: காபி, குளியல், பாட்டு வகுப்பு, சாப்பாடு எல்லாம் மணி தவறாமல் நடக்கட்டும். நோட்டில் படிக்கட்டு மெல்லச் செங்குத்தாக நிமிர்ந்தது.

இதுவரை சொன்னவர்களின் கடிகாரம் உலகத்தோடு ஒத்துப்போகவில்லை. இனி, கடிகாரம் சரியாக இருந்தும் உலகம் ஒத்துழைக்காதவர்கள். தொழில்நுட்பருக்கு மனம் அதிகம் கிடந்து அடித்துக்கொள்வது இவர்களுக்காகத்தான்.

காந்தி மார்க்கெட்டில் நள்ளிரவில் லாரிகள் வந்து நிற்கும். மூட்டை இறக்குகிறவர் விடிந்து வெகுநேரம் ஆனபின் வீட்டுக்குப் போகிறார். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட ஒற்றை அறை. பத்து மணிக்கே உள்ளே அனல். தூங்க வேண்டுமென்றால் உடலின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். கடிகாரமோ அந்த நேரத்தில் அதை ஏற்றிக்கொண்டிருக்கிறது, கூரையும் ஏற்றுகிறது. தெருவில் குழந்தைகள், மாவு மில், கேஸ் வண்டி. நான்கு மணி நேரத் தூக்கத்தோடு எழுந்து மறுபடி மூட்டை. சாத்தார வீதியில் பூ மொத்த வியாபாரத்துக்கு இருட்டோடு வருகிறவர்கள், மருத்துவமனைச் செவிலியர், ஏ.டி.எம். காவலாளி, அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் கணினிப் பிள்ளைகள் எல்லாரும் இதே வரிசையில் வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவு ஷிஃப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் 2007இல் சேர்த்தது; 2019இல் மறுபடி ஆராய்ந்தும் அங்கேயே வைத்தது. மாறுகிற ஷிஃப்ட்டிலும் நல்ல வரிசை, கெட்ட வரிசை உண்டு. காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுற்றினால் உடல் ஓரளவு ஏற்கும், அதன் நாள் இயல்பிலேயே கொஞ்சம் நீளம் என்பதால். யூட்டாவின் பொட்டாஷ் ஆலை ஒன்றில் இப்படி மாற்றிப் பார்த்துத் தொழிலாளரின் நலமும் உற்பத்தியும் மேம்பட்டதை 1982இலேயே சைஸ்லர் குழு எழுதிவிட்டது. திருவெறும்பூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் அட்டவணை போடுகிற ஒவ்வொரு சிறு பட்டறைக்காரருக்கும் இது தெரிய வேண்டும் என்று தொழில்நுட்பர் ஆசைப்படுகிறார். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

சரக்கு ரயில் ஓட்டுநர்களின் பாடு இன்னும் கடினம். அவர்களுக்கு ஷிஃப்ட் என்ற ஒன்றே கிடையாது. அரியலூர் சிமென்ட்டோ காரைக்கால் நிலக்கரியோ எப்போது ஏறுகிறதோ அப்போது பணிக்கு அழைப்பு, அவர்கள் சொல்லும் 'கால்', வரும். ஒரு நாள் மதியம், மறுநாள் நள்ளிரவு. என்ஜினில் விழிப்புக் காட்டும் கருவி உண்டு. ஒரு நிமிடம் ஓட்டுநர் எதையும் தொடாவிட்டால் விளக்கு மின்னும், பிறகு ஒலிக்கும், அதற்கும் பதில் இல்லையென்றால் பிரேக் தானே விழும். கண்ணைத் திறந்தபடியே சில விநாடி மூளை தூங்கிவிடுவதைப் பதிவுகளில் பார்த்துப் பழகிய அவருக்கு, அந்தக் கருவி ஏன் வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே விளங்கும். 2024 ஜூனில் தென்னக ரயில்வே ஓட்டுநர்கள் போராடியபோது வைத்த கோரிக்கைகளில் வாராந்திர ஓய்வை 46 மணி நேரமாக்குவதும் தொடர் இரவுப் பணியை இரண்டோடு நிறுத்துவதும் இருந்தன. உடலியல் பாடம் படித்த எவரும் அவற்றை அதிகப்படி என்று சொல்ல மாட்டார்.

அப்படி ஓர் ஓட்டுநர் குறட்டைக்காக வந்தார். வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயத்தில் பல காலம் தள்ளிப்போட்டிருந்தார். அன்று காலைதான் பணி முடித்து சைன்-ஆஃப் செய்திருந்தார். அவரை இரவு பத்தரைக்குப் படுக்கவைத்து எடுக்கும் பதிவு யாருடைய தூக்கத்தைக் காட்டும்? மருத்துவரிடம் பேசி, பகல் டெஸ்ட்டுக்கு அனுமதி வாங்கினார் தொழில்நுட்பர். பெரிய கடைவீதியில் கருப்புத் துணி வாங்கி ஜன்னலை இரட்டையாக மறைத்தார். விளக்கணைத்த நேரம் காலை 9.20. விடியலை ஒட்டிய மணிகளில்தான் உடல் கனவுத் தூக்கத்தை அதிகம் நாடும். அதனால் இரவு வேலைக்குப் பின் காலையில் படுப்பவருக்குக் கனவுத் தூக்கம் சீக்கிரமே வந்துவிடும். அந்தக் கட்டத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சடைப்பு மோசமாகும். பதிவிலும் அதுவே தெரிந்தது. ஆக்சிஜன் திரும்பத் திரும்பச் சரிந்தது. காற்றழுத்தத்தால் மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி அவருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. வெளியூரில் ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமுக்கும் அதைத் தூக்கிப் போகிறார். மூச்சு சீரானதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி பணி அட்டவணையில் இருக்கிறது. அதற்கு எந்தக் கருவியும் இல்லை.

இத்தனை பேரின் இரவைப் பதிவு செய்பவரும் இரவுத் தொழிலாளிதான். காலையில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கறுப்புக் கண்ணாடியோடு இடப்பக்கம் உட்கார்ந்துகொள்வார். வடக்கே போகிற பஸ்ஸுக்குக் காவிரிப் பாலத்தின் மேல் வெயில் வலப்பக்கம் அடிக்கும். முழு வெளிச்சத்தைக் கண்ணில் வாங்கிவிட்டால் பகல் தூக்கம் போய்விடும். தூக்கக் கலக்கத்தில் ஸ்கூட்டர் ஓட்டுவதில்லை என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். வீட்டில் மாமியார் காலிங்பெல் ஒயரைப் பிடுங்கிவைத்துவிடுவார். பால்காரர், தபால்காரர் எல்லாருக்கும் மதியம் ஒன்று வரை அந்த வீட்டில் சத்தம் கூடாது என்று தெரியும். இரவு வேலைக்காரர் ஒருவர் தாக்குப்பிடிப்பது வீட்டில் உள்ளவர்களின் கையில் இருக்கிறது என்று அவர் உறுதியாகச் சொல்வார். வீட்டுக்காரர்களையும் சேர்த்தே அழைத்துப் பேசுவது அவர் வழக்கம்.

இப்போது அவருடைய ஆய்வு அறையில் படிவம் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் வழக்கமான விவரங்கள். இரண்டாவதில் இரண்டு வாரத்துக்கான கட்டங்கள்: வேலை நாளில் எப்போது தூங்கினீர்கள், லீவு நாளில் எப்போது, யாரும் எழுப்பாமல் விழித்தது எத்தனை மணிக்கு, அன்று வெயிலைப் பார்த்தது எப்போது. எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் நிரப்பித் தருகிறார்கள். அதைப் பார்த்த பிறகே டெஸ்ட்டுக்கு நேரம் கொடுக்கிறார். வாரத்தில் ஒரு நாள் பகல் டெஸ்ட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அன்றைக்கு இன்னோர் ஆள் வேண்டும், ஏசி பகல் முழுக்க ஓடும், கணக்குப் பிரிவு கேள்வி கேட்கும். ஒவ்வொரு முறையும் அவர் ஓட்டுநரின் பதிவை எடுத்துக் காட்டிப் பேசுகிறார். மணிக்கட்டில் கட்டினால் அசைவையும் வெளிச்சத்தையும் வாரக்கணக்கில் பதியும் ஆக்டிகிராஃப் கருவி அவர்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. மூட்டை தூக்கும் ஒருவர் இப்போது அதைக் கட்டியிருக்கிறார். அடுத்து ஒரு செவிலியர், அதற்கடுத்து கல்லூரிப் பையன் ஒருவன் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு கருவி வாங்கித் தரும்படி அவர் எழுதிய மனு நிர்வாகத்தின் மேசையில் இருக்கிறது.